அச்சின் தடம் – 14: மர்டாக்கின் பட்டியல்

சென்ற இதழில் சென்னைக் கல்விச் சங்கத்தின் அச்சுக்கூடத்தைப் பார்த்தோம். அந்தச் சங்கத்துக்கு வெளியே தனியார் அச்சுக்கூடங்கள் பெருகின. அவை என்னென்ன புத்தகங்களை அச்சிட்டன, யாருக்காக அச்சிட்டன, என்ன விலைக்கு விற்றன என்ற கேள்விகளோடு நிறுத்தியிருந்தோம். அந்த அச்சுக்கூடங்களின் கணக்கேடுகள் பெரும்பாலும் நமக்கு வந்து சேரவில்லை. புத்தகங்களிலும் பெரும்பகுதி மலிவுத் தாளில் அச்சாகி, கைமாறி, கரையானுக்கும் கடைக்காரரின் பொட்டலத்துக்கும் போய்விட்டது. இருந்தும் அந்தக் காலத்துப் புத்தக உலகைப் பற்றி நமக்கு நிறையவே தெரிகிறது. புத்தகங்கள் புழக்கத்தில் இருந்தபோதே சிலர் அவற்றைக் கையில் எடுத்துப் பார்த்து, பெயர் குறித்து, வரிசைப்படுத்திவைத்ததுதான் காரணம். இந்த அத்தியாயம் அந்தப் பட்டியல்காரர்களைப் பற்றியது.

கண்டியிலிருந்து சென்னைக்கு

ஜான் மர்டாக் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 1819இல் பிறந்தவர். 1844இல் இலங்கையின் கண்டிக்கு அரசுப் பள்ளித் தலைமையாசிரியராக வந்தார். சில ஆண்டுகளில் அந்த வேலையை விட்டுவிட்டு, கிறித்தவத் துண்டுப் பிரசுரங்களைச் சிங்களத்தில் அச்சிட்டுப் பரப்பும் பணியில் இறங்கினார். 1857 கிளர்ச்சிக்கு அடுத்த ஆண்டு, இந்திய மொழிகளில் கல்வியையும் நூல் வெளியீட்டையும் நடத்துவதற்கென்று கிறித்தவத் தாய்மொழிக் கல்விச் சங்கம் இங்கிலாந்தில் தொடங்கப்பட்டது. மர்டாக் அதன் இந்தியப் பிரதிநிதியாகிச் சென்னைக்கு வந்தார். 1904இல் சென்னையில் காலமாகும்வரை அவருடைய வாழ்க்கை புத்தகத் தயாரிப்பிலேயே கழிந்தது.

புத்தகம் போட வந்தவருக்கு முதலில் தெரிய வேண்டியிருந்தது, ஏற்கெனவே என்ன இருக்கிறது என்பது. எந்தப் பாடநூல் உண்டு, எது இல்லை? கடைத்தெருவில் மக்கள் காசு கொடுத்து வாங்குவது எதை? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடியதன் விளைவாக, தமிழில் அச்சான நூல்களை வகைப்படுத்தி, முன்னுரைக் குறிப்புகளோடு, ஆங்கிலத்தில் ஒரு பட்டியலை 1865இல் சென்னையில் வெளியிட்டார். வங்கத்தில் இதே வகையில் முன்னோடி ஒருவர் இருந்தார். ஜேம்ஸ் லாங் என்ற பாதிரியார் 1855இல் 1,400 வங்காள நூல்களையும் சிறு வெளியீடுகளையும் பட்டியலிட்டிருந்தார். அவுரித் தோட்ட முதலாளிகளின் கொடுமையைச் சொன்ன 'நீல் தர்ப்பண்' நாடகத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டதற்காக 1861இல் ஒரு மாதம் சிறை சென்றவரும் இதே லாங்தான். நாட்டுமொழிப் புத்தகங்களைப் படித்தால் மக்களின் மனத்தை அறியலாம் என்று நம்பிய தலைமுறை அது.

மர்டாக்கின் பட்டியல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நூல்களைத் தொட்டது. சமய நூல்கள் முதலில் வருகின்றன. அவற்றில் சீர்திருத்தச் சபையாரின் நூல்கள், கத்தோலிக்க நூல்கள், இந்து சமய நூல்கள், இஸ்லாமிய நூல்கள் எனப் பிரிவுகள் உண்டு. பிறகு நீதி, மருத்துவம், சோதிடம், கதை, கவிதை, இலக்கணம், பள்ளிப் பாடம், பத்திரிகை என்று பட்டியல் விரிகிறது. சென்னை வெளியீடுகளோடு யாழ்ப்பாணத்தில் அச்சானவையும் இடம்பெறுகின்றன. பல பதிவுகளில் நூலின் அளவும் பக்கமும் விலையும் உண்டு. நூல் எதைப் பற்றியது என்று ஓரிரு வரிக் குறிப்பும் வரும்.

1865இல் இல்லாதவை

இந்தப் பட்டியலை இன்று படிக்கும்போது நம்மைத் தடுத்து நிறுத்துவது அதில் இல்லாதவைதான்.

எட்டுத்தொகையில் ஒரு நூல்கூட அப்போது அச்சில் இல்லை. சிலப்பதிகாரம் இல்லை, மணிமேகலை இல்லை. பத்துப்பாட்டில் திருமுருகாற்றுப்படை மட்டும் அச்சேறியிருந்தது. பதினோராம் திருமுறையிலும் இடம்பெற்று, முருக பக்தர்கள் நாள்தோறும் ஓதும் நூலாக இருந்ததால் அதற்கு அந்த வாய்ப்புக் கிடைத்தது. தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையோடு மழவை மகாலிங்கையர் 1847இல் பதிப்பித்திருந்தார். திருக்குறளும் நாலடியாரும் 1812 முதலே அச்சில் இருந்தன.

உ. வே. சாமிநாதையருக்கு 1865இல் பத்து வயது. சி. வை. தாமோதரம் பிள்ளை கலித்தொகையையும், சாமிநாதையர் சீவக சிந்தாமணியையும் பதிப்பிக்க இன்னும் 22 ஆண்டுகள் இருந்தன. பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் முழுமையாக 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் வர இருந்தன. ஆக, அந்த மறுமலர்ச்சிக்குச் சற்று முன்னால் தமிழ் வாசகரின் கைக்கு எட்டிய இலக்கியம் எது என்பதை மர்டாக்கின் பட்டியல் அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறது. புராணங்கள், சதகங்கள், அந்தாதிகள், அம்மானைகள், விக்கிரமாதித்தன் கதைகள், நிகண்டுகள், நன்னூல் உரைகள். அன்று படித்தவர் ஒருவர் தமிழ் இலக்கியம் என்று சொன்னால் அவர் மனத்தில் விரிந்த உலகம் இதுதான்.

புதிதாகத் தொகுக்கப்படும் நூற்பட்டியலால் இதைச் செய்ய முடியாது. இன்றைய நூலகப் பட்டியலில் புறநானூறும் விறலிவிடு தூதும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், தேடியவுடன் இரண்டும் வரும். எது எப்போது யார் கண்ணுக்குத் தெரிந்தது என்ற காலப் படிவு அதில் கரைந்துவிடுகிறது. பழைய பட்டியலோ ஒரு குறிப்பிட்ட ஆண்டில் ஒரு குறிப்பிட்ட மனிதர் கண்டதை மட்டும் சொல்கிறது. அதன் எல்லையே அதன் மதிப்பு. தகவல் என்ற அளவில் ஒரு நூற்பட்டியலை அடுத்த பட்டியல் மிஞ்சிவிடலாம். சாட்சியம் என்ற அளவில் அதை எதுவும் மிஞ்ச முடியாது. நூல் வரலாற்றைப் படிக்கும் எவரும் மனத்தில் இருத்த வேண்டிய அடிப்படை இது.

சார்பும் சான்றுதான்

மர்டாக் நடுநிலையாளர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவர் மிஷனரி. இந்து சமய நூல்களைப் பற்றிய அவருடைய குறிப்புகளில் மறுப்பும் கண்டனமும் உண்டு. சிற்றின்ப நூல்கள் என்று தாம் கருதியவற்றைக் கடுமையாகச் சாடுகிறார். பள்ளிப் பாடங்களில் இவை நுழைந்துவிடக் கூடாது என்று பின்னாளில் அரசுக்கும் எழுதினார்.

இந்தச் சார்பைக் காரணம் காட்டிப் பட்டியலை ஒதுக்குபவர்கள் பெரிய செல்வம் ஒன்றை இழக்கிறார்கள். ஒரு நூல் அவருக்கு அச்சம் ஊட்டியதென்றால் அது விற்றது என்று பொருள். விற்காத நூலைத் திட்ட ஒரு பதிப்பாளர் நேரம் செலவிடமாட்டார். தமிழ்ப் புலவர் மரபு பொருட்படுத்தாத கதைப்பாடல்களையும் சிறு கதைப் புத்தகங்களையும் மர்டாக் விடாமல் குறித்திருக்கிறார். புலவருக்கு அவை இலக்கியம் அல்ல. மர்டாக்குக்கோ அவை போட்டிச் சரக்கு. தமிழ்நாட்டில் அச்சுக்கும் வாய்மொழிக் கதைகளுக்கும் இருந்த உறவை ஆராய்ந்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் போன்றவர்கள் மர்டாக்கின் பட்டியலை நாடியதில் வியப்பில்லை.

பழைய நூல்களில் காணும் பிழைகளையும் இதே கவனத்தோடுதான் அணுக வேண்டும். தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகம் எது என்ற கேள்வியை எடுத்துக்கொள்வோம். ஜோவான் கொன்சால்வெஸ் என்பவர் 1577இல் எழுத்து வார்த்துக் கொச்சியில் ஒரு ஞானோபதேச நூலை அச்சிட்டார் என்று 19ஆம் நூற்றாண்டு நூல்கள் எழுதின. மலையாளக் கரையில் வாழ்ந்த கார்மல் சபைத் துறவி பவுலினுஸ் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதியதிலிருந்து வந்த செய்தி அது. அப்படி ஒரு நூல் கிடைக்கவே இல்லை. கியோர்க் ஷுர்ஹாம்மரும் காட்ரெலும் 1952இல் ஹார்வர்டு நூலக இதழில் எழுதிய கட்டுரை உண்மையைத் தெளிவாக்கியது. கையில் கிடைத்துள்ள முதல் நூல் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்'. 1578இல் கொல்லத்தில் அச்சான 16 பக்க நூல். அதன் கடைசிப் பக்கத்தில் இரண்டு வகை எழுத்து மாதிரிகள் உள்ளன. ஒன்று 1577இல் கோவாவில் செய்தது, மற்றது 1578இல் கொல்லத்தில் செய்தது. கோவாவில் அந்த எழுத்தை வார்த்தவர் கொன்சால்வெஸ்தான்! பவுலினுஸின் செய்தியில் இடமும் நூலும் பிசகியிருந்தன. ஆண்டும் ஆளும் சரியாகவே இருந்தன. பிழையென்று அந்தச் செய்தியை முழுவதுமாக வீசியிருந்தால் ஒரு பழைய நினைவின் நுனியை இழந்திருப்போம்.

பதினான்கு கலம்

மர்டாக்கின் பட்டியல் வந்து இரண்டே ஆண்டுகளில் அரசே பட்டியல் போட முன்வந்தது. 1867ஆம் ஆண்டின் 25ஆவது சட்டம், அதாவது அச்சகங்கள் மற்றும் நூல்கள் பதிவுச் சட்டம், ஒவ்வொரு நூலிலும் அச்சிட்டவர் பெயரும் அச்சான இடமும் இருந்தாக வேண்டும் என்றது. நூலின் படிகளை அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்றது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவற்றின் பட்டியலை அரசிதழில் வெளியிடவும் வழிசெய்தது. சென்னை மாகாணத்தில் அது கோட்டை அரசிதழின் இணைப்பாக வந்தது.

அந்தச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, பதிவேட்டில் என்னென்ன குறிக்க வேண்டும் என்று சொல்கிறது. நூலின் பெயர், மொழி, ஆசிரியர் அல்லது மொழிபெயர்ப்பாளர் அல்லது பதிப்பாசிரியர், பொருள், அச்சிட்ட இடமும் வெளியிட்ட இடமும், அச்சிட்டவரும் வெளியிட்டவரும், வெளியான தேதி, பக்கம், அளவு, எத்தனையாவது பதிப்பு, எத்தனை படிகள், எழுத்துக் கோத்து அச்சிட்டதா கல்லச்சா, விலை, பதிப்புரிமை உடையவரின் பெயரும் ஊரும். மொத்தம் 14 செய்திகள். 1857க்குப் பிந்தைய ஆட்சியாளர்களுக்கு நாட்டுமொழி அச்சின் மேல் ஒரு கண் இருந்தது, அந்தக் கண்காணிப்பும் இந்தச் சட்டத்துக்குப் பின்னால் உண்டு. நோக்கம் எதுவாக இருந்தாலும், உலகின் பல மொழிகளுக்கு 19ஆம் நூற்றாண்டில் வாய்க்காத ஒன்று தமிழுக்கு வாய்த்தது. மலிவான ஒரு சிந்துப் புத்தகத்துக்கும்கூட, எத்தனை படிகள் அச்சாயின என்ற எண்ணிக்கை பதிவாகியிருக்கிறது.

இந்த ஒரு கலத்தை வைத்து எவ்வளவு எழுதலாம் என்பதை ஆ. இரா. வேங்கடாசலபதியின் ஆய்வுகளைப் படித்தவர்கள் அறிவார்கள். சென்னைக் குஜிலிக் கடைகளில் விற்ற பாட்டுப் புத்தகங்கள், கொலைச் சிந்துகள், ரயில் விபத்துச் சிந்துகள் ஆகியவற்றின் உலகம் அரசு ஆவணங்களும் பழைய பட்டியல்களும் இல்லாமல் மீண்டிருக்காது. காலாண்டுப் பட்டியல்களின் தமிழ்ப் பகுதி 1960களில் 'தமிழ் நூல் விவர அட்டவணை' என்ற பெயரில் தொகுதிகளாக வரத் தொடங்கியது. 1968இல் மர்டாக்கின் பட்டியலையும் தமிழ்நாடு அரசின் தமிழ் வளர்ச்சி ஆராய்ச்சி மன்றம் பின்னிணைப்புகளோடு மறுபதிப்புச் செய்தது. அந்தக் காலத்து அறிஞர்கள் எதைக் காக்க வேண்டும் என்று தெரிந்து காத்தார்கள்.

இந்தப் பட்டியலுக்கும் எல்லை உண்டு. படிகளின் எண்ணிக்கை அச்சகத்தார் சொன்னதுதான், யாரும் நின்று எண்ணியதில்லை. பதிவுக்குக் கொடுக்காமல் விட்ட சிறு வெளியீடுகள் இருந்திருக்கும். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியின் நூல்கள் அதற்குள் வரா. இலங்கையில் 1885இலும், சிங்கப்பூரும் பினாங்கும் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களில் 1886இலும் தனித்தனியே பதிவுச் சட்டங்கள் வந்தன. தமிழ் அச்சின் முழுப் பரப்பைப் பார்க்க இந்த மூன்று பதிவுகளையும் ஒன்றாக விரித்துவைக்க வேண்டும்.

ஒன்றை ஒன்று சரிபார்த்தல்

லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகத்தின் தமிழ் நூற்பட்டியல் 1909இல் வந்தது. எல். டி. பார்னெட்டும் ஜி. யு. போப்பும் தொகுத்தது. அச்சில் பார்க்கப் போப் இல்லை. அதற்கு முந்தைய ஆண்டு காலமாகியிருந்தார். 1931இல் பார்னெட் ஒரு துணைப் பட்டியலை வெளியிட்டார். 1980இல் ஆல்பர்ட்டைன் கவுர் இரண்டாம் துணைப் பட்டியலைக் கொண்டுவந்தார்.

இது மர்டாக் பட்டியலின் நோக்கத்திலிருந்தும் அரசுப் பதிவின் நோக்கத்திலிருந்தும் வேறுபட்டது. இங்கே ஒவ்வொரு பதிவும், அந்த நூலின் படி ஒன்று இந்த நூலகத்தின் அலமாரியில் இருக்கிறது என்ற உறுதி. மர்டாக் சொல்வது, நூல் கடைத்தெருவில் கிடைத்தது என்பது. அரசுப் பதிவு சொல்வது, நூல் அச்சகத்திலிருந்து வெளியேறியது என்பது. நூலகப் பட்டியல் சொல்வது, நூல் காக்கப்பட்டது என்பது.

ஆய்வாளரின் வேலை இந்த மூன்றையும் உரசிப் பார்ப்பதில் தொடங்குகிறது. ஒரு சதகம் மர்டாக்கில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1870களின் காலாண்டுப் பட்டியலில் அதே சதகம் "முதற்பதிப்பு" என்று பதிவாகியிருந்தால், புதிய பதிப்பாளர் ஒருவர் பழைய நூலைத் தம்முடையதாக்கி வெளியிட்டிருக்கிறார் என்று ஊகிக்கலாம். பக்கம் குறைந்து விலையும் குறைந்திருந்தால், உரையை நீக்கி மூலத்தை மட்டும் போட்டிருக்கலாம். அதாவது வாங்குபவர் மாறிவிட்டார். லண்டன் பட்டியலில் அந்த நூல் இல்லாவிட்டால், அங்கே அனுப்பத் தகுந்தது என்று யாரும் அதைக் கருதவில்லை என்பதும் ஒரு செய்தி. தனித்தனியே பார்த்தால் வறண்ட வரிகள். சேர்த்துப் பார்த்தால் ஒரு நூலின் வாழ்க்கைச் சரித்திரம்.

தரங்கம்பாடியின் அலமாரி

இவை அனைத்துக்கும் முன்னால் ஒரு பட்டியல் இருக்கிறது. பர்த்தலோமேயு சீகன்பால்கு 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கினார். இரண்டே ஆண்டில், தாம் சேர்த்த தமிழ்ச் சுவடிகளைப் பற்றி 1708இல் ஜெர்மன் மொழியில் ஒரு விளக்கப் பட்டியல் எழுதி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். தரங்கம்பாடிக்கு அச்சு இயந்திரம் வருவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முந்தையது இது. திருக்குறள், சிவவாக்கியம், அவர் அதே ஆண்டில் ஜெர்மனில் மொழிபெயர்த்த கொன்றை வேந்தன், உலகநீதி, நீதி வெண்பா என்று நூல்கள் நீள்கின்றன. கத்தோலிக்கரின் நூல்களும் இஸ்லாமியரின் நூல்களும் அதில் உண்டு. நூலின் பொருள் என்ன, யார் படிக்கிறார்கள் என்ற குறிப்பும் பலவற்றுக்கு உண்டு. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோழநாட்டுக் கடற்கரை ஊர் ஒன்றில் ஒருவர் எந்தெந்த நூல்களைத் தேடிப் பெற முடிந்தது என்பதற்கு இதைப் போன்ற சான்று வேறு நம்மிடம் இல்லை.

அந்தப் பட்டியலின் பயணத்தைப் பாருங்கள். ஜெர்மானிய அறிஞர் வில்ஹெல்ம் கெர்மன் 1880இல் அதை அச்சிட்டார். லண்டனில் இருந்த கைப்பிரதியை ஆதாரமாகக் கொண்டு 1967இல் கவுர் அதைப் பற்றி எழுதினார். 2012இல் வில் ஸ்வீட்மன், இலக்குவன் என்ற தமிழறிஞரின் துணையோடு, ஒவ்வொரு நூலையும் அடையாளம் கண்டு முழுமையான ஆங்கிலப் பதிப்பைப் புதுச்சேரியிலிருந்து வெளிக்கொணர்ந்தார். முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் ஒரு நூற்பட்டியல் புதிய ஆய்வைப் பெற்றெடுக்கிறது.

இனிச் செய்ய வேண்டியது

1981 ஜூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அந்த இழப்புக்கு ஈடு கிடையாது. ஆனால் மானிப்பாயிலும் வண்ணார்பண்ணையிலும் 19ஆம் நூற்றாண்டில் என்ன அச்சானது என்று கேட்பவருக்கு மர்டாக்கும், இலங்கைப் பதிவுகளும், லண்டன் பட்டியல்களும் இன்னும் விடை சொல்கின்றன. எதைத் தேட வேண்டும் என்று அவைதான் சொல்லும். பெயர் தெரியாத புத்தகத்தை யாராலும் தேட முடியாது.

இன்று இணையத்தில் பல நூலகங்களின் பட்டியல்களை ஒரே நொடியில் தேடலாம். அது பெரும் வரம். ஆனால் பழைய பட்டியலின் வரிகளை மட்டும் பிய்த்தெடுத்துப் பொதுத் தரவுத்தளத்தில் கொட்டிவிட்டு, மூலத்தைக் கைவிடுவது ஆபத்து. மர்டாக் எந்தப் பிரிவில் ஒரு நூலை வைத்தார், அதற்கு முன்னும் பின்னும் எது இருந்தது, என்ன குறிப்பு எழுதினார் என்பவை அந்த மாற்றத்தில் மறைந்துவிடும். பக்கங்களைப் பிழைகளோடும் ஓரக் குறிப்புகளோடும் அப்படியே படமெடுத்துக் காக்க வேண்டும். சென்னைக் காலாண்டுப் பட்டியல்களின் மூலப் பக்கங்களை ஓர் ஆண்டும் விடாமல் எல்லாரும் பார்க்கும்படி ஒரே இடத்தில் வைக்க வேண்டும். தமிழ் முதுகலை மாணவர் ஒவ்வொருவருக்கும் ஓர் ஆண்டின் பட்டியலைக் கொடுத்து, அதில் உள்ள நூல்கள் எங்கே இருக்கின்றன என்று தேடச் செய்யலாம். பதிப்பு வரலாற்றுக்கு அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை. கிடைத்த நூல்களின் பட்டியலைப் போலவே கிடைக்காத நூல்களின் பட்டியலும் அப்போது உருவாகும். அடுத்த தலைமுறை தேட வேண்டியது அதைத்தான்.

மர்டாக் தம் சங்கத்துக்குப் பயன்படுவதற்காகத் தொகுத்தார். எழுத்தர்கள் சட்டத்துக்காகக் கலங்களை நிரப்பினார்கள். பார்னெட்டும் போப்பும் நூலக வாசகருக்காக உழைத்தார்கள். ஒருவரும் நம்மை மனத்தில் வைத்துச் செய்யவில்லை. ஆனாலும் அவர்கள் ஒவ்வொரு நூலையும் பொருட்படுத்திப் பெயர் எழுதினார்கள். பெரிய காவியத்துக்கும் அரையணாச் சிந்துக்கும் ஒரே வரி கொடுத்த அந்தப் பொறுமையால்தான் தமிழ் அச்சின் வரலாற்றை நம்மால் எழுத முடிகிறது. நம் காலத்து வெளியீடுகளையும் அதே பொறுமையோடு யாராவது பதிந்தால்தான் 2165இல் எழுதுபவருக்குக் கையில் ஏதாவது இருக்கும்.

அடுத்த இதழில், 1867 சட்டம் வந்த பிறகு சென்னை அச்சுக்கூடங்களில் என்ன மாறியது என்று பார்ப்போம்.

(தொடரும்)